இடப்பக்கம் ஒரு கறை

இதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு மனுசன் எத்தனை நேரம் விளையாடுவான், சொல்லுங்கள் பார்ப்போம். அரைக் கிலோவாவது இருக்கும், அத்தனை கனமும் மூக்குத்தண்டில்தான் இறங்குகிறது, பின்மண்டையில் ஒரு வார், உச்சந்தலையில் ஒரு வார், உள்ளே அடுப்படிச் சூடு, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் புருவத்தில் வேர்வை கோத்து நிற்கிறது, துடைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனால் கை பெட்டியில் போய் முட்டுகிறது. என் மகள் ரஞ்சி இதற்கு வி.ஆர். ஹெட்செட் என்று பேர் சொன்னாள், நான் பெட்டி என்றுதான் சொல்வேன். கோயமுத்தூரில் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை, வெள்ளிக்கிழமையானால் வீட்டிலிருந்தே செய்யலாம், இப்போது மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைச் செய்கிறார்களாம், அடுத்த வாரம் அதைப் பெரிய ஆட்களிடம் காட்ட வேண்டுமாம், அதற்குள் நிஜமாக வண்டி ஓட்டுகிற ஒருத்தர் ஓட்டிப் பார்த்துவிட்டால் தேவலை என்றாள். "இருபத்தாறு வருசமா ஓட்டறீங்க, எனக்காக ஒரு இருவது நிமிசம் ஓட்டக் கூடாதுங்களாப்பா?" என்று கேட்டால் எந்த அப்பன் மாட்டேன் என்பான். பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு நான் இரண்டே முக்காலுக்குக் கிளம்பினால் போதும், மூன்று பத்துக்குத்தான் அங்கே மணி அடிப்பார்கள், சாப்பிட்டாயிற்று, கொஞ்சம் கண்ணயரலாம் என்று இருந்தேன், தூக்கம் போய் இது வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டாள், பெட்டியைப் பற்றித்தான் பேச்சு முழுக்க, கடைசியில் தட்டை எடுக்கும்போது, "ஏனுங்ப்பா, பீர்க்கங்காய் பொரியலத் தொடவே இல்ல?" என்றாள், வைத்தால்தானே தொடுவதற்கு, நான் எழுந்த பிறகு வைத்துவிட்டு என்னைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் கட்டில், டீவி, என் வீட்டுக்காரி சரசுவின் தையல் மிஷின், துணி காயப்போடுகிற கம்பி, மீதி இருக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் நான், கையில் வண்டி ஓட்டுவதற்கென்று இரண்டு கைப்பிடி. கையை நன்றாக வீசினால் மிஷினில் படும், எழுந்து நின்று தூக்கினால் ஃபேன் விரலை எடுத்துவிடும். இந்தப் பெட்டி வாங்குகிறவன் முதலில் வேறு வீடு வாங்க வேண்டும், எழுதிக்கொள் அம்மிணி என்றேன், அவளும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாள், டொக் டொக்கென்று சத்தம் கேட்கிறது, ஆளைத் தெரியவில்லை, எனக்குத் தெரிவதெல்லாம் மலை. மலை நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பனி, பாறை, வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை, எதிரில் லாரி, லாரிக்காரன் லைட் அடிக்கிறான், என் கால் தன்னால் தரையை அழுத்துகிறது, அங்கே பிரேக் இல்லை, சிமென்ட் தரைதான் இருக்கிறது, வெறுங்கால் வழுக்குகிறது. வயிற்றில் ஒரு புரட்டல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, ஊர் மட்டும் ஓடினால் உடம்பு என்ன செய்யும், அது என்ன பாவம் பண்ணியது. இதையும் எழுதிக்கொள் என்றேன். டமார் என்று சத்தம். எதையோ இடித்துவிட்டேன், எதை என்று தெரியவில்லை, ரோடு காலியாகத்தானே இருந்தது. மறுபடியும் டமார். "அப்பா, மாடுங்ப்பா," என்றாள் ரஞ்சி. எங்கே மாடு, எந்த மாடு.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் தப்பு, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தேன். இடப்பக்கம், கீழே, ரோடு ஓரம் வரவேண்டிய இடத்தில் பால் ஊற்றித் துடைக்காமல் விட்ட மாதிரி ஒரு கலங்கல், கருப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, ஓரம் எங்கே தொடங்குகிறது என்றும் சொல்ல முடியவில்லை. உள்ளே கண்ணாடியில் கறை இருக்கு அம்மிணி, இடது பக்கம், என்றேன். அவள் வந்து பெட்டியைக் கழற்றியதும் என் நெற்றியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பட்டையோடவே மாட்டிக்கிட்டீங்களா! பாருங்க, ஸ்பாஞ்செல்லாம் திருநீறு. இதக் கண்டுபுடிச்சவன் நெத்தில பட்டை போடற ஊரையே பாத்திருக்க மாட்டான்." அது என்னவோ வாஸ்தவம். குளித்துவிட்டு மூன்று விரலில் குழைத்துப் போட்டால்தான் எனக்கு நாள் தொடங்கும், அது காய்ந்து வேர்வையில் உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கும், வேறென்ன. ஈரத் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நெற்றியை அழிக்கிறோமே என்று மனசுக்குள் சின்னதாக ஒரு நெருடல். அவள் மெல்லிய துணியை வைத்து உள்ளே வட்டம் வட்டமாகத் துடைத்தாள், ஊதினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பளிங்கு மாதிரி ஆயிருச்சுங்ப்பா என்று மறுபடியும் மாட்டிவிட்டாள். மலை வந்தது, பனி வந்தது, கலங்கல் அதே இடத்தில் இருந்தது.

சரியாகத் துடைத்திருக்க மாட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத் துடைத்தாலும் மேலாகத்தான் துடைக்கும். வேனிலும் இதே கதைதான், இடப்பக்கக் கண்ணாடி எப்போது பார்த்தாலும் ஒரு பாதி மங்கல், வேனில் வருகிற ஆயா பவுனம்மாவைத்தான் திட்டுவேன், வெள்ளிக்கிழமை பூஜை போடும்போது சந்தனத்தைக் கண்ணாடியில் பூசிவிடுகிறாள் என்று, அவள் எத்தனை தடவை சேலைத் தலைப்பால் துடைத்துக் காட்டியிருக்கிறாள், "இப்பப் பாருங்ணா, மொகம் தெரியுது" என்பாள், எனக்குப் பாதி முகம்தான் தெரியும், பாதி முகம் தெரிகிறதே என்று வண்டியை எடுத்துவிடுவேன். இரண்டு மாதமாகத்தான் இந்த மங்கல். இரண்டா, மூன்றா. பிப்ரவரியில் கண்ணாடி நன்றாகத்தானே இருந்தது. டமார். இப்போது எதை இடித்தேன், ஒரு கல்தூணாம், ரஞ்சி சொல்கிறாள், அவள் குரலில் சிரிப்பு குறைந்துவிட்டது. "இடது பக்கமே இடிக்கறீங்க. பதினோரு தடவை இடிச்சிருக்கீங்க, பதினொண்ணும் இடது. வலது பக்கம் ஒண்ணு கூட இல்ல. எங்க புரோகிராம்ல ஏதோ தப்பு இருக்குங்ப்பா, இடது பக்கம் பொருளெல்லாம் லேட்டா வருது போல." ஆமாம், அப்படித்தான் இருக்கும், நான் தலையை ஆட்டினேன், பெட்டியும் சேர்ந்து ஆடியது. நானா இடிப்பேன், இருபத்தாறு வருசத்தில் ஒரு கோழிக்குஞ்சு என் டயரில் செத்ததில்லை. "இருங்க, நானே பாக்கறேன்," என்று கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள், நாற்காலியிலிருந்து நான் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், அவள் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, சின்ன வயதில் படம் வரையும்போதும் இப்படித்தான் திறந்திருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லீங்களே. மாடு நல்லாத் தெரியுது, தூண் தெரியுது, கறையே இல்ல." அவளுக்கு இல்லை. அவளுக்கு எப்படி இருக்கும், இருபத்து நாலு வயசுக் கண்.

பதினொன்றும் இடது என்றாளே. அந்தச் சொல் உள்ளே போய் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது, முள் மாட்டிய துணி மாதிரி எந்தப் பக்கம் இழுத்தாலும் வரவில்லை. வேனின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஒரு கீறல் இருக்கிறது, அது கேட்டை அகலமாகத் திறக்காத வாட்ச்மேன் போட்டது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு ஒடுக்கு இருக்கிறது, அது ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திய இளநீர்க்காரன் போட்டது. இரண்டும் இந்த இரண்டு மாதத்தில். அப்புறம் தர்ஷித். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், அது பவுனம்மாவின் தப்பு, யூகேஜி பிள்ளையை இறக்கிவிட்டால் அவன் அம்மா கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா. இறக்கிவிட்டாள், நான் கியரைப் போட்டேன், இடப்பக்கம் பார்த்தேன், பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், காலியாக இருந்தது, வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும், பவுனம்மா தகரத்தில் படபடவென்று அடித்தாள், "அண்ணா, நிறுத்துங்ணா! நிறுத்துங்ணா!" அந்தக் குரல். தண்ணீர்ப் பாட்டிலின் மூடி உருண்டு போயிருக்கிறது, அதை எடுக்க அவன் பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான், நீல மூடி. நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது மூடியை எடுத்துக்கொண்டு சிரித்தான், முன்பல் இரண்டும் இல்லை. அத்தனை தாய்மார்கள் முன்னாலும் பவுனம்மாவை என்ன பேச்சுப் பேசினேன், கண் தெரியாதா உனக்கு, எதற்குச் சம்பளம் வாங்குகிறாய், உன்னையெல்லாம் வேலைக்கு வைத்தார்களே என்று. "செரிங்ணா, இனிமே பாத்துக்கறனுங்ணா," என்றாள். தகரத்தில் அடித்த கையாலேயே அவனை அவன் அம்மாவிடம் பிடித்துக் கொடுத்தாள்.

கொடு, இன்னொரு தடவை ஓட்டுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். ரஞ்சிக்குச் சந்தோஷம், அப்பனுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கு மலையும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், ஒரு சோதனை பாக்கி இருந்தது. வண்டியில் இடது ஹெட்லைட் எரியவில்லை என்றால் எடுத்ததும் புது பல்பு வாங்க ஓடக் கூடாது, எரிகிற வலது பல்பைக் கழற்றி இடதில் போட்டுப் பார்க்க வேண்டும், எரிந்தால் கோளாறு பல்பில், எரியாவிட்டால் பல்பைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பட்டறையில் கிளீனராக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது, இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. அதனால் பெட்டியை மாட்டிக்கொள்ளாமல் கையில் தூக்கித் தலைகீழாகப் பிடித்தேன், மூக்குக்கு இருக்கிற பள்ளம் இப்போது நெற்றியில், இடதுகண்ணாடி வலதுகண்ணுக்கு, வலதுகண்ணாடி இடதுகண்ணுக்கு. "என்னங்ப்பா பண்றீங்க!" என்று சிரிக்கிறாள். இரு அம்மிணி. படம் கோணலாக ஆடியது, மலை தொங்கியது, பிறகு நின்றது. கறை பெட்டியில் இருந்தால் இப்போது வலப்பக்கம் வந்திருக்க வேண்டும், வா, வலப்பக்கம் வா, என்று மனசுக்குள் கெஞ்சினேன், ஒரு கறையைப் போய் யாராவது கெஞ்சுவார்களா, நான் கெஞ்சினேன். வரவில்லை. இடப்பக்கமே இருந்தது. அப்படியானால் பல்பில்லை, சரி, என் இடதுகண்ணில்தான் ஏதோ, புரை விழுந்திருக்கும், புரைக்கு ஆப்பரேஷன் அரைமணி நேர வேலை, எங்கள் தெருவிலேயே நாலு பேர் செய்துகொண்டு ஜம்மென்று திரிகிறார்கள். இடதுகண்ணை மூடினேன். மூடினால் கறை போக வேண்டும், வலதுகண்தான் நல்ல கண்ணாயிற்றே. போகவில்லை. வலதை மூடி இடதைத் திறந்தேன். அதே இடம். அதே பால். இரண்டு கண்ணிலும், ஒரே பக்கத்தில், ஒரே அளவில். பெட்டியின் இரண்டு கண்ணாடியும் நல்லது, என் இரண்டு கண்ணில் ஒன்று சொன்னதையே மற்றதும் சொல்கிறது. இரண்டு பல்பும் நல்லதாக இருந்து ஒரு பக்கம் எரியவில்லை என்றால் மேஸ்திரி என்ன சொல்வார், வயரைப் பாரு என்பார். உள்ளே எங்கேயோ வயர் போயிருக்கு, பானெட்டைத் தூக்கு என்பார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்ச்சுவரில் நாள்காட்டி, நெருக்கமாகப் போய்ப் பார்க்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே அதன் நடுவில் பார்த்தேன், தேதியில் பின்னால் இருக்கிற எழுத்து மட்டும் தெரிந்தது, ஏழு, முன்னால் ஒன்றா இரண்டா இல்லை ஒன்றுமே இல்லையா, கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால்தான் அந்த இரண்டு வந்து ஒட்டிக்கொண்டது. இப்படித்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், தள்ளித் தள்ளி, தெரியாமலே. பீர்க்கங்காய்ப் பொரியல். அவள் முதலிலேயே வைத்திருக்கிறாள், தட்டில் இடப்பக்கமாக வைத்திருக்கிறாள், நான் அந்தப் பக்கம் என்று ஒரு பக்கமே இருப்பதாக நினைக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் காலை, பல் தேய்க்கும்போது, தலைக்குள் யாரோ விளக்கைப் போட்டு அணைத்த மாதிரி ஒரு வலி, வாந்தி, இடதுகை ஒரு பத்து நிமிடம் சொன்ன பேச்சு கேட்கவில்லை, பிரஷ் கீழே விழுந்தது, பித்தம் என்று சரசு இஞ்சி தட்டிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாங்க என்றாள், வேனை யார் எடுப்பது என்று அவளை அதட்டிவிட்டு எட்டு மணிக்கு வண்டி எடுத்தேன். எட்டு மணிக்கு. இருபத்து மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை, அங்கே மிதிப்பதற்கு ஒன்று இருந்தது, இங்கே என் தலைக்குள் நான் எதை மிதிப்பேன்.

"செரி, சொல்லுங்கப்பா, நடைமுறைக்கு ஒத்து வருமா? ஒளிக்காமச் சொல்லுங்க," என்று ரஞ்சி விரலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், முழுசாகத் தெரிகிறாள், மூக்குத்தி தெரிகிறது. சொல்லிவிடலாம். கறை பெட்டியில் இல்லை அம்மிணி என்று நாலு சொல்தான். சொன்னால் அரைமணியில் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஒரு டாக்டர் எழுதுகிற ஒரு வரி, அந்த ஒரு வரியோடு என் லைசென்ஸ், என் காக்கிச் சட்டை, தணிகாசலம் அண்ணன் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்பலாம் என்று தாய்மார்கள் சொல்கிற பேச்சு, எல்லாம் முடிந்தது. வேறென்ன தெரியும் எனக்கு. வாயைத் திறந்தேன். "எங்கம்மா ஒத்து வரும்? கனம், புழுக்கம், கொமட்டல், கை வீச எடமில்ல. போதாததுக்குப் பெட்டில இடது பக்கம் கோளாறு. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்குங்க," என்றேன். என் குரல் அப்படியே என் குரலாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு டொக் டொக்கென்று எழுதினாள், இடது பக்கம் கோளாறு என்று எழுதுகிறாள், நான் சொன்னதை நம்பி எழுதுகிறாள். மணி இரண்டு நாற்பது. சாவி ஆணியில் தொங்குகிறது. இன்று ஒரு நாள், திங்கட்கிழமை போய்க் காட்டிக்கொள்ளலாம், இன்று மெதுவாக ஓட்டலாம், பவுனம்மா இருக்கிறாள், அவளுக்கு இரண்டு கண் இருக்கிறது, தகரத்தில் அடிக்க ஒரு கை இருக்கிறது. நெற்றி வெறுமையாக இருந்தது, மறுபடியும் பட்டை போட்டுக்கொண்டேன், விரல் மூன்றும் நெற்றியில் நேராகப் போனதா என்று கண்ணாடியில் பார்க்கவில்லை.

எங்கள் சந்து முட்டுச்சந்து, வேனைப் பின்னால்தான் எடுக்க வேண்டும், இடப்பக்கம் சாக்கடை, அதனால் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் ரஞ்சி பின்னால் போய் நின்று சைகை காட்டுவாள், நாலாம் வகுப்பிலிருந்து பழக்கம். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் பிடித்தது, சீட்டுக்கடியில் அந்த நடுக்கம், எனக்குத் தெரிந்த நடுக்கம், ஒரு நொடி எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. இதோ என் வண்டி, இது பொய் மலை இல்லை, இதில் பிரேக் இருக்கிறது, மிதித்துப் பார்த்தேன், இருக்கிறது. வலதுகண்ணாடியில் சுவர், தெளிவு, செங்கல் செங்கலாகத் தெரிகிறது. இடதுகண்ணாடியில் பாதி வேன், மீதி பால். நேற்று பவுனம்மா துடைத்த கண்ணாடி. "வாங்கப்பா, வாங்க, எடம் நெறைய இருக்கு," என்று பின்னாலிருந்து ரஞ்சி கத்துகிறாள். குரல் வருகிறது. ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டேன், கிளட்சை விடுகிற கால் பாதியில் நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் இந்நேரம் பிள்ளைகள் பையை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கும், தர்ஷித் தண்ணீர்ப் பாட்டிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் இடப்பக்கமாகத்தான் ஓடி வருவான், எப்போதும் அந்தப் பக்கம்தான் வருவான். "வாங்க வாங்க." நான் தலையை வெளியே நீட்டி, முடிந்த மட்டும் சாதாரணமாக, "ரஞ்சி, நீ எங்கம்மா நிக்கிற?" என்று கேட்டேன்.

கிளட்சை மறுபடியும் முழுசாக மிதித்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இடது பக்கந்தாங்ப்பா. உங்க கண்ணாடியப் பாத்துத்தான நிக்கறேன்," என்றாள் என் மகள். "அப்பவே இருந்து கைய ஆட்டிட்டு இருக்கனே."